அந்த ஒரு பைட்

“பத்து வருஷமா வேலைக்கே போகலையா?” விண்ணப்பத்தைப் புரட்டியபடி கேட்டார் மேனேஜர்.

“குழந்தையைப் பார்த்துக்கிட்டேன் சார்.”

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு வழக்கமாக வைக்கும் பொறி.

“எங்க டேட்டாபேஸுக்கு அடியில ஓடுற கோட், சி மொழியில எழுதினது. கம்பெனி கைமாறினப்போ கூடவே வந்தது. எழுதின மகான் யாருன்னே தெரியாது. இன்னிக்கு வரைக்கும் அதுல கை வைக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. ஒரு தப்பு கண்டுபிடிங்க பார்ப்போம்.”

தப்பே இல்லை என்பதுதான் அவர் எதிர்பார்க்கும் பதில்.

அவள் முதல் வரியைத் தாண்டவில்லை. “கீழே பெயரை நகலெடுக்கிற ஃபங்ஷன் இருக்கும் சார். எழுத்துக்கு மட்டும்தான் மெமரி வாங்கியிருக்கு. பெயர் முடிஞ்சதுன்னு காட்ட கடைசியில வர்ற பூஜ்யத்துக்கு ஒரு பைட் விடலை. பெரும்பாலும் மெமரியில மிச்ச இடம் இருக்கிறதால தப்பிச்சிடும். பெயர் சரியா இருபத்து நாலு பைட் வந்தா, பக்கத்து இடத்தை அழிச்சிடும்.”

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் காரணமே தெரியாமல் படுத்துவிடும். மெஷினைத்தான் திட்டுவார்கள்.

“பார்க்காமலே எப்படிம்மா சொன்னீங்க?”

“அந்த வரியை டைப் அடிக்கும்போதுதான் சார் எனக்கு வலி எடுத்தது. சேவ் பண்ணிட்டு நேரா பிரசவ வார்டுக்குப் போயிட்டேன். அப்புறம் அடியோட மறந்தே போச்சு. போன மாசம் பொண்ணு ஒரு ஃபாரத்துல பெயர் எழுதினா. கடைசி எழுத்துக்குக் கட்டம் பத்தலை. அப்பதான் சுரீர்னுச்சு.”

மேனேஜர் எழுந்தே விட்டார்.

“வேலை தராட்டியும் பரவாயில்லை சார். அந்த ஒரு பைட்டை மட்டும் சேர்த்துட்டுப் போயிடறேன்.”