நல்லசிவத்தின் சுருள்கள்

2024 ஜூலை 9 அன்று தேனாம்பேட்டையில் நடந்த கட்சிக் கூட்டத்தில், முன்னாள் அமைச்சர் நல்லசிவம் காகிதத்தில் சுருள் சுருளாகக் கிறுக்கினார். செய்தியாளர் மஹதி எடுத்த அந்தக் காகிதத்தின் படம், அவள் வேலை செய்த வார இதழின் அட்டையில் வந்தது. ‘இது குழம்பிய மனம்’ என்று உள்ளே ஒரு நிபுணர் எழுதியிருந்தார். நல்லசிவத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அடுத்த மாதம் அவரே இதழின் அலுவலகத்துக்கு வந்தார்.

“மன்னிப்புக் கேட்டுடும்மா. இல்லேன்னா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது,” என்றார் ஆசிரியர் ராகவேந்திரன்.

மஹதி நல்லசிவத்தின் எதிரே போய் நின்றாள். “சார், உங்களைக் கேலி பண்ணணும்னு...”

“என் பேரனே ‘ஜிலேபி தாத்தா’ன்னுதாம்மா கூப்பிடுறான். உட்காரு. அந்தப் படம் பெரிய சைஸ்ல இருக்கா?”

“கோர்ட்டுக்கா சார்?”

“ஆஸ்பத்திரிக்கு. அடையாறுல ஒரு நரம்பு டாக்டரம்மா உங்க அட்டையைப் பார்த்துட்டு போன் மேல போன் பண்ணினாங்க. எதிர்க்கட்சி வேலைன்னு கட் பண்ணிட்டேன். நேர்லயே வந்துட்டாங்க. கை நடுக்கத்தைக் கண்டுபிடிக்க, நோயாளிங்களை சுருள்தான் வரையச் சொல்வாங்களாம். என்னோடதுல கோடெல்லாம் நடுங்கி, போகப் போகச் சிறுத்திருக்கு. டெஸ்ட் எடுத்தாச்சு. பார்க்கின்சன் நோயோட ஆரம்பம். ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுன்னாங்க. சிகிச்சைக்கு அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் வேணுமாம். வீட்டுல யாருமே கவனிக்கலை, நீ கவனிச்சே.”

“நான் கவனிக்கலை சார். வேடிக்கையா இருக்கேன்னு எடுத்தேன்.”

“எடுத்தியே, அது போதும்மா.”

மஹதி படத்தை அனுப்பினாள். நல்லசிவம் அவளைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் வக்கீல் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது.