செங்கமலம் இழுக்கிற இடம்

“செத்தும் அடங்க மாட்டேங்கறாளே பாவி! நாம என்னங்க பண்ணினோம் அவளை?”

ஜெயசித்ரா டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். கார் ஒரு குலுக்கலோடு வேகம் இழந்து, யாரோ சக்கரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இடது பக்கம் ஒதுங்கியது. கூடவே அந்தச் சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்...

தர்மராஜ் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்தான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் நெற்றியெல்லாம் வேர்வை.

“நான் ஒண்ணும் பண்ணலை சித்ரா. அதுவாத்தான் இழுக்குது.”

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வருகிற ரோடு அந்த இடத்தில் நேராகக் கிடக்கும். வளைவு கிடையாது, வேகத்தடை கிடையாது. இரண்டு பக்கமும் மக்காச்சோளக் கொல்லை. காற்றே இல்லை, ஆனாலும் காய்ந்த தட்டைகள் ஆடுவது போல அவளுக்குத் தோன்றியது.

அறுவடைச் சமயத்தில் சனங்கள் ரோட்டில் பாதியை மறித்துச் சோளம் காயப்போடுவார்கள். போன மாசியில், பொழுது சாயும் நேரம், காய்ந்த சோளத்தைப் பலகையால் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரி செங்கமலத்தை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. சுண்ணாம்புக்கல் லாரியாகத்தான் இருக்கும் என்று ஊரே பேசியது.

அதற்கப்புறம்தான் அந்த இடம் வந்தாலே கார் இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தமும் சோளத்தைப் பலகையால் தள்ளுகிற சத்தம் மாதிரியே இருந்தது.

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத கார். ஆறு ஏர்பேக், பின்னால் கேமரா, தொட்டால் பேசுகிற திரை எல்லாம் கொடுத்த கம்பெனி பேய்க்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் குறையை ஜெயசித்ரா தீர்த்துவைத்தாள். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். பூசணிக்காய் உடைத்தாள். அரியலூர் ஆபீசுக்குத் தினமும் தனியாகப் போய்வருகிற மனுஷன் வீட்டு கேட்டைத் திறந்தால்தான் அவளுக்கு உயிர் வரும். இன்றைக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் போய் அழுதுவிட்டே வந்தாள். திரும்பும்போது இப்படி!

“அமாவாசைக்கு அவளுக்குப் புடவை, வளையல் வெச்சுப் படைச்சுடலாங்க.”

“பேசாம வா சித்ரா.”

செங்கமலம் பேச்சை எடுத்தாலே அவன் இப்படித்தான் வெட்டிவிடுவான். பயம், பாவம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் இந்தத் தடவை சத்தம் அந்த இடத்தோடு நிற்கவில்லை. கொல்லைகளைத் தாண்டியும் வந்தது. சர்ர்ர்... சர்ர்ர்... பெரம்பலூர் டவுனுக்குள் நுழைந்தும் வந்தது. ஜெயசித்ரா சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“என்னங்க, அவ நம்ம கூடவே வந்துட்டா! இவளை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேணாம். மெக்கானிக் வைரக்கண்ணு அண்ணன் பட்டறையில விடுங்க. இன்னைக்கே காரை வித்துத் தொலைப்போம்.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்...”

“முடியாது. இப்பவே!”

வைரக்கண்ணு கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “போறப்ப எந்தப் பக்கம் தங்கச்சி இழுக்கும்?” என்றார்.

“இடது பக்கம்.”

“வரப்ப?”

“அப்பவும் இடதுதான்.”

“பேய் ரோட்டு ரெண்டு பக்கமும் டூட்டி மாத்தி நிக்குதாக்கும்” என்று சொல்லிவிட்டு முன்சக்கரங்களைக் கழற்றினார்.

கால் மணி நேரத்தில் இரண்டு பிரேக் பேடுகளை அவள் முன்னால் நீட்டினார். ஒன்று கட்டை மாதிரி தடிமனாக இருந்தது. இன்னொன்றில் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம்.

“இந்தா பாருங்க உங்க செங்கமலத்தை. வலது பக்கம் பேடை அழுத்துற காலிப்பர் துருப்பிடிச்சு இறுகிப்போயி பிரேக்கே பிடிக்கலை. இடது பக்கம் ஒத்த ஆளா வேலை பாத்துத் தேஞ்சுபோச்சு. அதான் அந்தப் பக்கமா இழுக்குது. தகடு டிஸ்க்குல உரசுற சத்தந்தான் உங்க கூடவே வந்தது.”

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாலு மாசப் பயம் அப்படியே இறங்கியது. செத்துப்போன மனுஷியை வாய்க்கு வந்தபடி திட்டியதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாத்தீங்களாங்க? பாவம், அந்தம்மா மேல போயி பழியப் போட்டுட்டோமே!”

தர்மராஜ் சிரிக்கவில்லை. தேய்ந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆனா அண்ணே, டவுனுக்குள்ள இழுக்கறதே இல்லியே. அந்த இடத்துல மட்டுந்தானே இழுக்கும்?”

“மெதுவாப் போயி மெதுவா மிதிச்சா தெரியாது தங்கச்சி. நல்ல வேகத்துல போயி பிரேக்க ஓங்கி மிதிச்சாத்தான் இப்படி இழுக்கும். மிதிக்காம அதுவா இழுக்காது.”

வைரக்கண்ணு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே தர்மராஜ் பக்கம் திரும்பினார்.

“ஏன் சார், நேர் ரோடாச்சே. ஒரு குறுக்குச் சந்துகூட கிடையாது. அங்க போயி ஒவ்வொரு தடவையும் எதுக்கு அந்த மிதி மிதிக்கிறீங்க?”

நாய் வரும், ஆடு வரும் என்று அவன் ஏதாவது சொல்லுவான் என்று ஜெயசித்ரா காத்திருந்தாள். சொல்லவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

“அந்த இடம் வந்தா காலு தன்னால மிதிச்சுடுது” என்றான் தர்மராஜ். “செங்கமலம் நின்ன அன்னைக்குத்தான் சித்ரா, மிதிக்காம வந்துட்டேன்.”