சிஸ்டர் சொல்லாதது

"மூச்சு நின்னப்புறம் எதுக்கு வந்த?"

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலேயே சித்தப்பா சின்னத்தம்பி பூரணியை மறித்தார்.

உள்ளே அப்பா மூக்கனைக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுச்சளி முற்றி, விடியற்காலையில் போய்விட்டார்.

"காலையில ஆள் வந்து சொன்னப்புறம்தான் எனக்குத் தெரியும் சித்தப்பா."

"முந்தாநாளே உங்க ஆஸ்பத்திரி சிஸ்டருகிட்டச் சொல்லியாச்சு. கடைசி வரைக்கும் உம் பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா காளியாயி நிமிரவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பூரணி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் பொறுப்பில் இருந்தவள் நாகலெட்சுமி. தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தி காலில் வெட்டி, டெட்டனஸ் என்கிற ஏற்புவலி கண்டு, தாடை இறுகிக் கிடந்த கைக்குழந்தைக்காரி. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாய் வளைந்துவிடும். தொண்டையில் சளி சேரச் சேர எடுக்காவிட்டால் மூச்சடைத்துவிடும்.

அந்த வேலையைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவர் சிஸ்டர் வியாகுலமேரி.

"இவ பக்கத்துல இருக்கிறப்ப உனக்கு வேற நெனப்பே இருக்கக் கூடாது" என்பார்.

அப்பாவின் காரியம் முடிந்து பூரணி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். நாகலெட்சுமி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பூரணி நேரே சிஸ்டரிடம் போனாள்.

"எங்கப்பாவுக்கு முடியலைன்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"



"சொல்லாதது என் தப்புத்தான் பூரணி."

"எங்கப்பா லயத்து ஆளுதானே. செத்தா என்ன, இருந்தா என்னன்னு நெனச்சிட்டீங்க."

பூரணி வெள்ளை உடுப்பை மடித்து மேசைமேல் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

வட்டகொடையில் இறங்கி லயத்துக்கு நடந்தாள். பெட்டியோடு வந்தவளைப் பார்த்து, காளியாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"படிப்ப விட்டுட்டியா?"

"நாளைக்கு நானும் பெரட்டுக்கு வந்து கொழுந்தெடுக்கப் பேர் குடுக்கிறேன். அந்தச் சிஸ்டரு மொகத்துல இனி முழிக்க மாட்டேன்."

காளியாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு உன்னக் கூப்பிட நான்தான் வந்தேன். கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். அந்தப் பொண்ணு வாயில கொழாய வச்சிக்கிட்டு நீ குனிஞ்சிருந்த. வெளிய அவ புருசன் பச்சப்புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு நின்னான். சிஸ்டரு உன்னக் கூப்பிடத்தான் எந்திரிச்சாங்க."

"அப்புறம்?"

"நான்தான் அவங்க கையப் புடிச்சு நிறுத்துனேன். நான் வந்ததையே உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். உங்கப்பா இன்னும் நாலஞ்சு நாள் தாங்குவாருன்னு நெனச்சேம்மா."