ஸ்டீயரிங் எந்தப் பக்கம்

சந்திரசேகரன் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒட்டினார்.

அதைக் கண்டதும் அவர் மனைவி பிரமிளா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உலகப்போர்க் காலத்து ராணுவ ஜீப் அது. உள்ளங்கையில் அடங்குகிற பச்சை பிளாஸ்டிக் வண்டி. டயர், பம்பர், கதவில்லாத உடம்பு, பின்னால் தொங்கும் பெட்ரோல் டின் வரைக்கும் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்திருந்தது. காலையிலிருந்து அவர் சாப்பாட்டு மேசையில் குனிந்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள்.

பொழுது போகாமல் பார்க்கவில்லை. பரீட்சை வைத்திருந்தாள். புருஷனுக்குத் தெரியாத பரீட்சை.

அதற்கான பெட்டியையும் அவளேதான் கொம்தார் கடைத்தொகுதியில் வாங்கினாள். கடைக்காரப் பெண் நல்ல சூட்டிகை. இவளைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

இந்த வண்டியைப் பிசகில்லாமல் செய்து முடித்தால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். பிசகினால் கோலாலம்பூரில் இருக்கும் மகள் சுபாஷினிக்குப் போன் செய்துவிட வேண்டும். செய்தால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். மகள் வருவாள், அழுவாள், இந்தப் பாயான் பாரு வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். அப்புறம் இல்லத்துக்காரர்கள் விடுகிற நேரத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

சும்மா பயப்படுகிறவள் இல்லை பிரமிளா. அவருடைய அண்ணன் இப்படித்தான் ஆனார். புக்கிட் மெர்தாஜாமில் காய்கறி வாங்கப் பசாருக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டார். ரத்தத்தில் இருக்கிற நோய் தம்பியை மட்டும் விட்டுவிடுமா?

இவரும் கொஞ்ச நாளாகச் சரியில்லை.

கூட்டாளிகளோடு கடையில் ஒரு தே தாரிக் டீ குடிக்காவிட்டால் தலையே வெடித்துவிடும் என்கிற மனுஷன், இப்போது தனியாக வாசல்படி தாண்டுவதில்லை. அவள் பசாருக்குக் கிளம்பினால் சின்னப் பிள்ளை மாதிரி பின்னாலேயே வருகிறார். கார் சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, கேட்டால் தெரியவில்லை என்கிறார். சமையல் முடிந்ததும் கேஸ் மூடியிருக்கிறதா என்று நூறு தடவை போய்ப் பார்க்கிறார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். வெளியே வந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

இப்போது ஸ்டீயரிங்.

ஆயுள் முழுக்கத் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தாலும் வலது பக்கம்தான் போய் உட்காருவார். அவருக்கே ஸ்டீயரிங் எங்கே இருக்கும் என்பது மறந்துவிட்டதென்றால் இனி என்ன மிச்சம் இருக்கிறது?

“என்னங்க, ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?” கேட்கும்போதே குரல் உடைந்தது.

“எடது பக்கந்தான் லா. இது அமெரிக்கா ஜீப்பு, அங்கல்லாம்…”

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஆமா பிரமிளா. தப்பு பண்ணிட்டேன். இரு, மாத்திடறேன்.”

ஜீப் படம் போட்ட பெட்டி மூடியை எடுத்து, படம் தெரியாமல் குப்புறக் கவிழ்த்தார். பசை இன்னும் காயவில்லை. பிளேடு முனையால் ஸ்டீயரிங்கை நெம்பி எடுத்து, வலது பக்கம் ஊசியால் ஒரு துளை போட்டு, அதில் செருகினார். இடது பக்கத்து ஓட்டையைத் துளி மெழுகால் அடைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. கை கொஞ்சமும் தடுமாறவில்லை.

பிரமிளா குனிந்து வலது பக்கத்து ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். சொன்னதும் புரிந்துகொண்டாரே. சொன்னதும் திருத்திக்கொண்டாரே. முற்றிய நோய் என்றால் இப்படி முடியுமா? சுபாஷினிக்குப் போன் வேண்டாம். இந்த மனுஷனை அவளே பார்த்துக்கொள்வாள்.

“முடிஞ்சது. கொண்டு போயி ஷோகேஸ்ல வையி.”

ஜீப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஷோகேஸ் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே பச்சை ஜீப்புகள் வரிசையாக நின்றன. அதே ஜீப். பின்னால் அதே பெட்ரோல் டின். எல்லாவற்றிலும் ஸ்டீயரிங் வலது பக்கம்.

ஐயோ. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறாரா? செய்த நினைவே இல்லாமலா? போன் செய்துதான் ஆக வேண்டும்.

“எடம் பத்தலைன்னா மேல்தட்டுல வையி.” மேசையைத் துடைத்தபடி அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “இன்னிக்கு வர்ற ஜீப்புக்குன்னு நேத்து நீதானே எடம் ஒதுக்குன.”

பிரமிளா அண்ணாந்து பார்த்தாள்.

மேல்தட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நடுவில் ஒரு பூப்போட்ட கைக்குட்டை, ஒரு ஜீப் நிற்கிற அளவுக்கு நான்காக மடித்து வைத்திருந்தது.

கைக்குட்டை அவளுடையதுதான். எப்போது வைத்தாள் என்பது எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.