இரண்டாவது முடிச்சு

முகூர்த்த நேரம் நெருங்கும்போது ஜோதிலட்சுமி மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கருங்குழி மண்டபம் முழுக்க அதுதான் பேச்சு. மாப்பிள்ளை மோகனின் அக்கா அவள். காரணத்தை யாரும் கேட்கவில்லை. அது மேடையிலேயே நின்றது, பெண் வீட்டார் கொண்டுவந்த நாத்தனார் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் விளக்கோடு.

கவியா. அந்த வீட்டில் கடைசி மகனாகப் பிறந்து, பள்ளிக்கூடம் படிக்கும்போதே துரத்தப்பட்டவள். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு வருடக்கணக்கில் நடையாய் நடந்து, திருநங்கை அட்டையும் பெயர் மாற்றிய ஆதாரும் போன மாதம்தான் வாங்கியிருந்தாள். மோகன் நேரில் போய்க் கூப்பிட்டான். தாலியில் தன்னுடைய முடிச்சு ஒன்று போக, மீதி இரண்டையும் அவள்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"அட்டை குடுத்துட்டா பொண்ணாயிடுமா? கூடப் பொறந்தவளுக்கு வவுறு எரியாது?" என்று பந்தி வரைக்கும் கேட்டது ஒரு குரல். அப்பா முனிசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் சம்பத் மேடையேறி கவியாவின் காதருகே குனிந்தார். ஜோதியின் மாமியார் வீட்டு ஆட்கள் முன் வரிசையில் இருப்பதைச் சொன்னார். அப்புறம், "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு தம்பி பேஜாரு? நீ போய் பந்தியப் பாத்துக்கோ" என்றார்.

கவியா மேடையை விட்டு இறங்கினாள். விளக்கோடு போய்க் கதவைத் தட்டினாள்.

"நீயே போடுக்கா. நான் மண்டபத்த வுட்டே போயிடறேன்."

கதவு திறந்தது. ஜோதிலட்சுமியின் கண் முதலில் புடவையின் ஜரிகைக்குத்தான் போனது.

"போயேன். எல்லாத்தையும் தூக்கிக்கினு போ. இத்தினி வருசமா இந்த வூட்டுக்கு ஒரே பொண்ணு நானு. கொலுசுன்னா எனக்கு, பூவுன்னா எனக்கு. இப்ப வந்தவளுக்குப் பொடவ, வெளக்கு, ரெண்டு முடிச்சு. பெரியவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல, சின்னவ கையில குடுக்கறான் உங்கண்ணன். எந்த ஊரு மொறைடி இது?"

கவியாவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"அப்ப... நான் ஆம்பளன்னு இல்லியாக்கா?"

"ஆம்பளயா இருந்தா உம்மேல எனக்கு இன்னாடி பொறாம?"

விளக்கைப் பிடுங்கிக்கொண்டாள் ஜோதிலட்சுமி. "ரெண்டாவது முடிச்சு நான். மூணாவது நீ. அந்தப் பொடவ தீபாவளிக்கு என்கிட்ட வரணும், சொல்ட்டேன்."

கவியா விசும்பினாள். அது பெரிய அழுகையாகி வெளியே கேட்டுவிட்டது.

சம்பத் ஓடிவந்தார். முகத்தில், தான் சொன்னது சரியாகிப்போன திருப்தி. "இன்னா தகராறு இங்க?"

"ஒண்ணுமில்ல மாமா." கவியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா தங்கச்சி சண்ட."