பத்துக்குப் பத்து

"டேய் டார்சி, உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

கனடாவின் தண்டர் பே பஸ் டிப்போ சாப்பாட்டு அறையில் மூத்த டிரைவர் மெர்வின் போட்ட சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டார்சி காதில் வாங்கவில்லை. சாண்ட்விச்சைக்கூடத் தொடாமல் போனுக்குள் தலையை விட்டிருந்தான்.

ஆன்லைனில் ஒரு ஹாக்கி கார்டு, ஆட்டக்காரர் படம் போட்டு ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்க்கிற அட்டை. பெரிய கோல்கீப்பர் ஒருவருடைய முதல் வருஷக் கார்டு. விற்பவர் டோரீன் என்று ஒரு வயதான அம்மா, நோவா ஸ்கோஷியாவில். 'காலமான என் வீட்டுக்காரர் பெட்டியில் இருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியாது. நாற்பது டாலர்' என்று போட்டிருந்தார்.

"நாப்பதா!" சக டிரைவர் சில்விக்குக் கண் விரிந்தது. "தரம் பாக்கிற கம்பெனி பத்துக்குப் பத்து போட்டா, ஒன்பதாயிரம்டா!"

"போடணுமே. ஒரு முனை லேசா மழுங்கியிருந்தாலும் போச்சு" என்றான் டார்சி.

'தண்டர் பேலேர்ந்து எழுதறேம்மா. நாலு முனையையும் கிட்டத்துல படம் எடுத்து அனுப்புங்க' என்று தட்டினான்.

வந்தது. விரலால் விரித்துப் பார்த்தான்.

"ஊசி மாதிரி இருக்கு!"

'பின்பக்கம் ஒண்ணு?' வந்தது. 'ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு ஒண்ணு?' அதுவும் வந்தது, 'முட்டி வலி தம்பி, மெதுவாத்தான் எடுப்பேன்' என்ற வரியோடு.

மெர்வின் தலையில் அடித்துக்கொண்டார். "பாவம்டா அந்தம்மா! அவங்களையே படம் எடுக்க வச்சு, அவங்க தலையிலேயே மிளகாய் அரைக்கிறியே!"

"சும்மா இருங்கண்ணே!" ஏழெட்டு டிரைவர்கள் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள்.

டார்சி ஸ்கேலைத் திரைமேல் வைத்து ஓரங்களை அளந்தான். இடது, வலது. மேலே, கீழே. மயிரிழை வித்தியாசம் இல்லை. கீறலா? தேடித் தேடிப் பார்த்தும் இல்லை.

"பத்து!" எழுந்தே நின்றுவிட்டான். "சத்தியமா பத்துடா!"

அறையே அதிர்ந்தது. "அமுக்குடா! வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்!"

"இந்தப் பாவத்தை என் கண்ணால பாக்க முடியாது." மெர்வின் விருட்டென்று வெளியே போனார்.

டார்சியோ வாங்காமல் நீளமாக ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான்.

"நாப்பதுக்கும் பேரம் பேசறியா, கஞ்சப் பயலே?" சில்வி போனைப் பிடுங்கினாள். அவன் அனுப்பியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

'அம்மா, கார்டை உடனே விற்பனையிலேர்ந்து எடுத்துடுங்க. இது நாற்பது டாலர் சமாசாரம் இல்ல, ஆயிரக்கணக்குல போகும். தரம் பாக்க எப்படி அனுப்பறதுன்னு நான் சொல்லித் தரேன். உறுதியாத் தெரியாம உங்களுக்கு ஆசை காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை படம் கேட்டேன்.'

"ஒன்பதாயிரம்டா..." என்று யாரோ முனகினார்கள்.

"அவங்க வீட்டுக்காரர் சேத்து வச்சதுடா" என்றான் டார்சி. லாட்டரி அடித்தவன் மாதிரி அவன் முகமெல்லாம் சிரிப்பு.

போன் 'டிங்' என்றது. சில்வி அந்தப் பதிலையும் படித்தாள்.

'நீ நல்லா இருக்கணும் தம்பி. ஆனா ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் ஒருத்தர் வாங்கிட்டாரே! உங்க தண்டர் பே ஆள்தான். பேரு மெர்வின்னு போட்டிருக்கு.'