முசிறி பஸ்ஸில் ஒரு குரல்

சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் கிளம்பக் காத்திருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் சவரிராயனின் குரலே முன்சீட்டுக்காரரின் போனில் சத்தமாக ஓடுகிறது. உள்ளூர் ஒலிபரப்பு நின்று ரேடியோ வேலை போனதும் யூடியூப் சேனல் தொடங்கியவர் அவர். டீச்சர் அமலராணியையும் தலைமையாசிரியரையும் முடிச்சுப் போட்டு, விசாரிக்காமலே சொன்ன கதை அது. பஸ்ஸில் யாரோ சிரிக்கிறார்கள். எதிர் ஜன்னலோரம் அமலராணியே உட்கார்ந்திருக்கிறார். மடியில் விடைத்தாள் கட்டு, கன்னத்தில் வெயில், விரலில் இறுகச் சுற்றிய முந்தானை நுனி. கண்டக்டர் வந்து நிற்கிறார். “முசிறி ஒண்ணு” என்கிறார் சவரிராயன், மெதுவாக. முன்சீட்டுக்காரர் சட்டென்று திரும்புகிறார். “சார், இதுல பேசுறது நீங்கதானுங்களே?” “நான் இல்லைங்க.” அமலராணி அவரை நிமிர்ந்து பார்க்கிறார். “ரேடியோவுல தினமும் உங்களைக் கேட்டிருக்கேன் சார்” என்கிறார், கோபமே இல்லாமல். சவரிராயன் கையிலிருக்கும் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.